மேற்கு ஆஸ்திரேலியா: நிலமும் மக்களும் தொழிலும்

ஆஸ்திரேலியக் கூட்டாட்சியின் ஆறு மாநிலங்களுள் பரப்பளவில் மிகப் பெரியது மேற்கு ஆஸ்திரேலியா. இதன் பரப்பு 25 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். நாட்டின் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே மாநிலம்தான். 2021 கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்பவர்கள் ஏறத்தாழ 26.6 லட்சம் பேர். தலைநகர் பேர்த்.

மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒருவர் என்று விடை வரும். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மாநிலத்தைக் கற்பனை செய்தால் தவறாகிவிடும். மக்களில் ஐந்தில் நான்கு பேர் பேர்த் பெருநகரப் பகுதியிலேயே நெருங்கி வாழ்கிறார்கள். மற்ற நிலம் முழுவதும் மீதிப் பேருக்கு. சராசரி எப்போதும் உண்மையைச் சொல்வதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

நிலமும் மழையும்

மக்கள் ஏன் ஒரு மூலையில் குவிந்தார்கள் என்பதற்கு மழைப் படமே விடை. வட கோடியிலுள்ள கிம்பர்லியில் கோடையில் பருவமழை கொட்டும்; மற்ற மாதங்களில் வறட்சி. தென்மேற்கு மூலையில் குளிர்காலத்தில் மழை பெய்யும், கோடை வறண்டிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையே கிரேட் சாண்டி, கிப்சன், கிரேட் விக்டோரியா ஆகிய பாலைவனங்கள் பரந்து கிடக்கின்றன. தென்கிழக்கில் மரமற்ற நலர்பார் சமவெளி. அதன் வழியே செல்லும் இருப்புப்பாதை 478 கிலோமீட்டர் தூரம் ஒரு வளைவும் இல்லாமல் நேர்க்கோடாகப் போகிறது.

நிலம் மிகப் பழமையானது. ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைத்த சிர்கான் படிகங்கள் சில ஏறக்குறைய 440 கோடி ஆண்டுகள் வயதுடையவை. காலமெல்லாம் தேய்ந்து போனதால் உயர்ந்த மலைகள் இல்லை. மிக உயரமான மெஹாரி சிகரமே 1,250 மீட்டர் அளவுதான்.

நீரைத் தேடிய கதை

1892-இல் கூல்கார்டியிலும் 1893-இல் கால்கூர்லியிலும் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 1891-இல் சுமார் 50,000 ஆக இருந்த மக்கள்தொகை 1901-இல் 1,80,000-ஐத் தாண்டியது. தங்கம் கிடைத்த இடத்தில் ஆறு இல்லை, ஏரி இல்லை. குடிநீருக்குப் பெரும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. அசுத்த நீரால் டைபாய்டு பரவியது.

பொறியாளர் சி. ஒய். ஓ'கானர், பேர்த் அருகே முண்டாரிங்கில் அணை கட்டி, அங்கிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள கால்கூர்லிக்கு எஃகுக் குழாயில் நீரைக் கொண்டுசெல்லத் திட்டமிட்டார். செல்லும் வழி மேடு. ஆகவே எட்டு நீரேற்று நிலையங்கள் நீரைத் தள்ளின. பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் அவரைக் கடுமையாகத் தாக்கினார்கள். 1902 மார்ச்சில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்து மாதங்கள் கழித்து, 1903 ஜனவரியில், நீர் கால்கூர்லியை அடைந்தது. அந்த வழித்தடத்தில் இன்றும் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீர்ப் பிரச்சினை அத்துடன் தீரவில்லை. 1970-களிலிருந்து தென்மேற்கில் மழை குறைந்துவிட்டது. அணைகளுக்கு வரும் நீர் அதைவிட அதிகமாகக் குறைந்தது. 2006-இல் குவினானாவில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. பேர்த்தின் குடிநீரில் கணிசமான பங்கு இப்போது கடலிலிருந்துதான் வருகிறது.

மண்ணின் மக்கள்

1829-இல் ஜேம்ஸ் ஸ்டர்லிங் தலைமையில் ஆங்கிலேயர் ஸ்வான் ஆற்றங்கரையில் குடியேறியபோது அது யாருமற்ற நிலம் அல்ல. தென்மேற்கில் நூங்கர் மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுக்கிறார்கள்: பிராக், புனுரு, ஜெரான், மகுரு, ஜில்பா, கம்பராங். நம் இலக்கணமும் பெரும்பொழுதை ஆறாகவே பகுப்பதை அறிந்த மாணவர்களுக்கு இது சுவையான செய்தி.

1905-ஆம் ஆண்டுச் சட்டம் பழங்குடிக் குழந்தைகளுக்கு அரசு அதிகாரி ஒருவரைச் சட்டப்படியான காப்பாளர் ஆக்கியது. பெற்றோரிடமிருந்து குழந்தைகள் பிரிக்கப்பட்டார்கள். ஆட்டுப்பண்ணைகளில் பலர் மாவு, தேயிலை, சர்க்கரை ஆகியவற்றுக்காகவே உழைத்தார்கள். 1946 மே 1 அன்று பில்பராவில் நூற்றுக்கணக்கான பழங்குடித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். எழுத்தறியாதவர்களும் அந்த நாளைத் தவறவிடாதபடி, நாட்களைக் குறித்த தாள்களை டூலி பின் பின் பண்ணைதோறும் கொண்டு சேர்த்தார். போராட்டம் 1949 வரை, மூன்று ஆண்டுகள் நீடித்தது. இன்று மாநில மக்களில் பழங்குடியினர் நூற்றுக்கு மூவர் அளவே.

இரும்பும் கோதுமையும்

உலகில் இரும்புத்தாதுவை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு ஆஸ்திரேலியா; அதில் பெரும்பகுதி பில்பராவிலிருந்து செல்கிறது. நாட்டில் இரும்பு போதாது என்று கருதி 1938-இல் தாது ஏற்றுமதிக்குத் தடை விதித்திருந்தார்கள். 1960-இல் அது தளர்த்தப்பட்ட பிறகே சுரங்கங்களும் தனி இருப்புப்பாதைகளும் போர்ட் ஹெட்லண்ட், டாம்பியர் துறைமுகங்களும் வளர்ந்தன. இரண்டு கிலோமீட்டருக்கும் நீளமான சரக்கு ரயில்களில் சில இப்போது ஓட்டுநர் இன்றி இயங்குகின்றன. பெரும்பாலான தாது சீனாவுக்குப் போகிறது; அங்கே கட்டுமானம் மந்தமானால் பேர்த்தில் வரவுசெலவுத் திட்டம் ஆட்டம் காணும்.

இங்கே ஒரு புதிய வாழ்க்கைமுறையும் உருவாயிற்று. தொழிலாளர்கள் பேர்த்திலிருந்து விமானத்தில் சுரங்கத்துக்குச் சென்று, ஒன்றிரண்டு வாரம் முகாமில் தங்கி நாள்தோறும் பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சம்பளம் அதிகம்; குடும்பத்தைப் பிரிந்திருக்கும் மனச்சுமையும் அதிகம். சுரங்கப் பகுதியில் செல்வம் விளைந்தும் அங்கே ஊர்கள் பெரிதாக வளராததற்கு இதுவும் ஒரு காரணம்.

சுரங்கம் தந்த துயரங்களையும் சொல்லியாக வேண்டும். விட்டனூமில் நீலக் கல்நார் 1966 வரை தோண்டப்பட்டது. அதன் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும் பல ஆண்டுகள் கழித்து நுரையீரல் நோய்களாலும் புற்றுநோயாலும் இறந்தார்கள். ஊர் 2007-இல் அரசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. 2020 மே மாதம், 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் தங்கிய சான்றுகள் கொண்ட ஜூக்கான் பள்ளத்தாக்குப் பாறைக்குகைகள் இரும்புத்தாதுவுக்காக வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. அப்போதிருந்த மாநிலச் சட்டப்படி அதற்கு அனுமதி இருந்தது என்பதுதான் அதிர்ச்சி.

பேர்த்துக்குக் கிழக்கே கோதுமை வட்டாரம். இதன் பெரிய எதிரி உப்பு. கடற்காற்றும் மழையும் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்த உப்பு நிலத்தடியில் ஆழத்தில் தங்கியிருந்தது. ஆழ வேர் கொண்ட மரங்கள் மழைநீரை உறிஞ்சிக்கொண்டதால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தே இருந்தது. மரங்களை வெட்டிக் கோதுமை விதைத்தார்கள். கோதுமைக்கு வேர் குட்டை, அது வயலில் நிற்பதும் சில மாதங்களே. உறிஞ்சப்படாத நீர் கீழிறங்கி, நீர்மட்டம் உயர்ந்து, உப்பையும் மேலே கொண்டுவந்தது. விளைநிலம் பல இடங்களில் வெளுத்துப் போய்விட்டது. உழவர்கள் இப்போது அதே நிலங்களின் ஓரத்தில் மரம் நடுகிறார்கள். உப்பைத் தாங்கும் புதர்களை ஆட்டுத் தீவனத்துக்காக வளர்க்கிறார்கள்.