விரலும் மாத்திரையும்

பொகவந்தலாவையில் நான் ஆசிரியத் தொழில் புரிந்த நாட்களில், எங்கள் பாடசாலைக்குக் கீழிருந்த லயத்திலே கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி வாழ்ந்தாள். இல்லாத குரல்கள் அவள் காதில் ஒலித்தன. பேயென்று கருதி வேப்பிலை அடித்தார்கள், கோழியும் அறுத்தார்கள். ஆறு மாதங் கழித்தே ஆஸ்பத்திரியின் நினைவு வந்தது. மருந்து வேலை செய்தது. குரல்கள் ஓய்ந்தன, உறக்கம் வந்தது, மறுபடியும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்தாள்.

ஒருநாள், அம்மா மாத்திரைகளை அடுப்பில் போட்டுவிட்டாளென்று அவள் மகள், என் மாணவி, வந்து அழுதாள். காரணம் கேட்கப் போனேன்.

"வெரலு நடுங்குதுங்க சார். கொழுந்து கைக்கு வரமாட்டேங்குது. நேத்தும் அரைப்பேருதான்."

இதன் பின்னரே அம்மருந்துகளின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். நம் வைத்தியர்கள் நெடுங்காலம் கையாண்ட சர்ப்பகந்தி வேர் சித்தப்பிரமையைத் தணிக்குமென்று 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் வைத்திய ஏடொன்றில் எழுதினர். 1952இல் சுவிற்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரிசர்பினைப் பிரித்தெடுத்தனர். அதே ஆண்டில் பாரிசில் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசினின் வல்லமையைக் காட்டினர். வேரின் சத்துப் பின்தங்கியது. செயற்கை மருந்து உலகெங்கும் பரவிற்று.

மூளையிலுள்ள டோபமின் என்னும் பொருளின் செயலைத் தடுத்தே இவ்வகை மருந்துகள் பொய்க்குரல்களை அடக்குகின்றன. ஆனால் கைகால்களின் அசைவை ஒழுங்காக்குவதிலும் அதே டோபமினுக்குப் பங்குண்டு. ஆகவேதான் சிலருக்கு விறைப்பும் நடுக்கமும் உண்டாகின்றன. மேசையில் எழுதுபவருக்கு அது ஒரு தொல்லை. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடை நிரப்புபவளுக்கோ, அது அன்றைய சோறு.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்துக்குப் பணமில்லை. கிளினிக் நாளில் தோட்டத்தில் பேரும் இல்லை. இருந்தும் அவளை அழைத்துச் சென்றேன். டாக்டருக்குத் தமிழ் அரைகுறை. அவளுக்குச் சிங்களம் அரைகுறை. நடுவில் நான் நின்றேன். என்ன வேலை செய்கிறாளென்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது! திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடுமென்று எச்சரித்தார். கையை நீட்டச் சொல்லிப் பார்த்து, மாத்திரையின் அளவைக் குறைத்து, நடுக்கத்திற்குப் பென்செக்சோலும் எழுதினார். நாள்தோறும் விழுங்குவது சிரமமானால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியும் உண்டு என்றார்.

அடுத்த மாதம், கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் மாணவி எழுதி வந்து காட்டினாள்: 12, 15, 18. அம்மாவின் கிலோக் கணக்காம்.