கம்பிவழிச் சேதி – 14: மௌனமும் ஒரு சேதிதான்

கணினிகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் யூ.டி.பி. நெறிமுறை பிறந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். 1980 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய மூன்றே பக்க ஆவணம் அது. ஒவ்வொரு சேதிக்கும் எட்டு பைட் தலைப்பு உண்டு. போய்ச் சேரும் என்ற உத்தரவாதம் கிடையாது. தபால் பெட்டியில் கார்டைப் போட்டுவிட்டு வீடு திரும்புவது போலத்தான். இந்த வாரம், அந்தக் கார்டுக்காகக் காத்திருப்பவரின் பக்கம் போவோம்.

கோவிலம்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர்தான். மேடவாக்கம் மெயின் ரோடும் ரேடியல் ரோடும் சந்திக்கும் இடத்தில் நெரிசல் பிடித்துவிட்டால் லாரி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சம்ப் வற்றும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். அதற்காகச் சம்ப்பிலும் மொட்டைமாடித் தொட்டிகளிலும் நீர்மட்டம் அளக்கும் சிறு கருவிகளை வைத்தேன். ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒருமுறை தன் அளவை யூ.டி.பி.யில் அனுப்பும். ஒரு சேதி தொலைந்தால் பாதகமில்லை. அடுத்த நிமிடமே புது அளவு வந்துவிடும். யூ.டி.பி.க்கென்றே அமைந்த வேலை இது.

சேதிகளை வாங்கும் நிரலை ஜாவாவில் பழைய முறையில் எழுதினேன். முதல் பதிப்பிலிருந்தே இருக்கும் டேட்டாகிராம்சாக்கெட்டில் ‘ரிசீவ்’ என்று அழைத்தால், ஏதாவது வரும்வரை நிரல் அந்த வரியிலேயே நிற்கும். பல வாரம் குறையில்லாமல் ஓடியது. ஒருநாள் இரவு வைஃபை ரவுட்டர் அணைந்துபோனது. கருவிகளிடமிருந்து சத்தமில்லை, நிரலும் வாய் திறக்கவில்லை. காலையில் குழாயைத் திறந்தபோதுதான் தொட்டி காலி என்று தெரிந்தது. ‘பத்து நிமிடமாகச் சேதி இல்லை’ என்று எச்சரிக்கும் வரியை நான் எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் அது ரிசீவுக்கு அடுத்த வரி. சேதி வந்தால்தான் அந்த வரிக்கே போக முடியும்!

ரிசீவுக்குக் காலக்கெடு வைக்கலாம். ஆனால் வீட்டார் கைப்பேசியிலிருந்து ‘இப்போ தண்ணி எவ்வளவு இருக்கு?’ என்று கேட்க இன்னொரு போர்ட்டும் திறந்திருந்தேன். முன்வாசலில் நிற்பவருக்குப் பின்வாசலில் தட்டுவது கேட்காது. வாசலுக்கொரு த்ரெட் வைக்கலாம்; வைத்தால், எல்லா த்ரெட்டும் தொடும் தகவலைச் சிதையாமல் காக்கும் கவலை புதிதாகச் சேரும்.

2002இல் வந்த ஜாவா 1.4 வேறு வழி காட்டியது. டேட்டாகிராம்சேனலில் கான்ஃபிகர்பிளாக்கிங் என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால், ரிசீவ் காத்து நிற்காது. சேதி இருந்தால் தரும். இல்லையென்றால் ‘நல்’ என்று கைவிரித்துவிட்டு உடனே திரும்பும். இங்கே நான் செய்த இரண்டாவது தவறு, அதை ஓயாத சுழலுக்குள் போட்டது. ‘வந்துவிட்டதா, வந்துவிட்டதா’ என்று விடாமல் கேட்டுக் கணினி சூடேறியதுதான் மிச்சம். நான்-பிளாக்கிங் என்றால் காத்திருக்கவே கூடாது என்று நினைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் காத்திருப்பதுதான் அதன் பொருள்.

அந்த இடத்தின் பெயர் செலக்டர். அடுக்ககத்து வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வாசலில் தட்டினாலும் அவர் எழுந்து வந்து இன்ன வாசல் என்று சொல்வார். ‘ஒரு நொடிக்குள் யாரும் வராவிட்டாலும் எழுப்பு’ என்றும் அவரிடம் சொல்லிவைக்கலாம். எழுந்த ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு கருவியும் கடைசியாகப் பேசிய நேரத்தை நிரல் பார்த்துவிட வேண்டும். ஒரு கருவி செத்து மற்றவை பேசிக்கொண்டிருந்தாலும், அந்த ஒன்றின் மௌனம் அப்போதுதான் பிடிபடும்.

எழுதுபவர்கள் மூன்றை மறக்கக் கூடாது. கவனித்து முடித்த வாசலை, செலக்டர் தரும் ‘தட்டிய வாசல்கள்’ பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ‘நல்’ வரும்வரை ரிசீவைத் திரும்பத் திரும்ப அழைத்து, குவிந்திருப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். சேதியை வாங்கிவைக்கும் பைட்பஃபர் சேதியைவிடச் சிறியதாக இருந்தால் மிச்சம் சொல்லாமல் கொள்ளாமல் தொலைந்துபோகும்; போதிய இடம் ஒதுக்க வேண்டும், சேதியையும் சிறிதாக வைக்க வேண்டும். 1987இல் டி.என்.எஸ். தன் யூ.டி.பி. சேதிகளுக்கு 512 பைட் எல்லை வகுத்தது நல்ல முன்மாதிரி.

யூ.டி.பி.யில் ‘நான் வரவில்லை’ என்று எந்தச் சேதியும் வந்து சொல்லாது. அதைக் கவனிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது. இப்போது எங்கள் நிரல் அந்தப் பொறுப்பை ஏற்றிருக்கிறது. கருவி ஒன்று பத்து நிமிடம் பேசாவிட்டால் என் கைப்பேசி அடிக்கிறது.

அடுத்த வாரம்: ஒரே சேதி இரண்டு முறை வந்தால்? முந்தியது பிந்தி வந்தால்?

(தொடரும்)