சலவைநீரும் நம் கிணறும்

துணி துவைத்தலும் பாத்திரம் துலக்குதலும் நாள்தோறும் நிகழும் எளிய செயல்களே. எனினும் அவ்வழுக்குநீர் சென்றடையும் இடத்தைச் சிந்திப்போர் சிலரே. மகாவலி கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவின் தெற்கேயுள்ள கிளிவெட்டி போன்ற வயற்கிராமங்களில், அது வாய்க்காலையும் கிணற்றடி மண்ணையுமே சேர்கின்றது.

வன்னீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் சவர்க்காரத்தைப் படிவாக்கிவிடும்; செயற்கைச் சலவைத்தூளின் திறனையும் குறைக்கும். அவற்றைப் பிணித்து வைத்தற்பொருட்டே தூளிற் பொசுபேற்றுச் சேர்க்கப்பட்டது. ஆயின் பயிருக்கு உரமாகும் அதுவே பாசிக்கும் உரமாகும். பாசி மிகுந்து, மடிந்து, அழுகுங்கால் நீரிலுள்ள ஒட்சிசன் குன்றி மீன்கள் மாளும். இதனாலேயே ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுச் சலவைத்தூளில் 2013ஆம் ஆண்டிலும், பாத்திரங்கழுவும் பொறிக்குரிய தூளில் 2017ஆம் ஆண்டிலும் பொசுபேற்றைக் கட்டுப்படுத்தியது.

நம் முன்னோர் கையாண்ட பூவந்திக்கொட்டையிற் சபோனின் என்னும் நுரைப்பொருளும், விறகுச் சாம்பலில் எண்ணெய்ப்பசையை அகற்றும் பொற்றாசியங் காபனேற்றும் உள. எனினும் இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றவை எனக் கொள்ளுதல் தவறு. சபோனின் மீனுக்கு நஞ்சு. சாம்பற்காரம் மிகுந்தாற் கையைப் புண்ணாக்கும்.

ஆதலின் பொருளை மாற்றுதல் மட்டும் போதாது. பொசுபேற்றில்லாத தூளைத் தேர்தல், அளவாகப் பயன்படுத்தல், பாத்திரத்தின் எண்ணெயை முதலில் தும்பினால் துடைத்தெடுத்தல், கழுவுநீரைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாது கிணற்றுக்குத் தொலைவிலுள்ள வாழையடிக்குச் செலுத்தல் ஆகிய நான்கும் ஒருங்கே வேண்டும். துணியின் அழுக்கு நீங்குதல் மட்டும் தூய்மையாகாது. அஃது அயலான் கிணற்றைச் சேராதிருத்தலே தூய்மையாம்.