உச்சி வெயிலும் மேற்கட்டியும்



கலியாண வீடொன்றின் முற்றத்திலே வெள்ளைத் துணியால் மேற்கட்டி கட்டியிருக்கிறார்கள். நேரம் நண்பகல். படலைக்கு வெளியே வெயிலில் நிற்பவரைப் பாருங்கள். கண்கள் இரண்டும் கருங்குழிகளாய்த் தோன்றுகின்றன. மூக்கின் நிழல் மேலுதட்டிற் கறைபோல விழுந்திருக்கின்றது. அவரே நாலடி எடுத்து வைத்து மேற்கட்டியின் கீழ் வந்ததும் கண்கள் தெளிகின்றன. முகம் முழுவதும் ஒருசீராக விளங்குகின்றது. வெளியிடங்களிற் படம் பிடிப்போர் தலைக்கு மேலே பெருந்துணி விரிப்பதன் இரகசியம் இதுவேயாம்.

துணி வெயிலைக் குறைக்கின்றது. அதனால் ஒளி மென்மையாகின்றது என்று பலர் எண்ணுவர். இது பாதி உண்மையே. நிழலின் விளிம்பு கூர்மையாவதும் மங்கலாவதும் ஒளியின் அளவைப் பொறுத்ததன்று. ஒளி தரும் பொருள் நம் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றுகின்றது என்பதையே பொறுத்தது. சூரியன் மிகப் பெரியதுதான். ஆனால் ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருப்பதால், நமக்கு அரைப்பாகை அகலமே உடையதாய்த் தோன்றுகின்றது. ஒரு சதமீற்றர் அகலமான பொத்தானை ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரத்திற் பிடித்தால் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவே. அத்துணைச் சிறிய விளக்கின் ஒளி ஒரே திசையிலிருந்து வருகின்றது. ஆதலால் நிழல் கத்தியால் வெட்டியதுபோல விழுகின்றது.

இனி, பன்னிரண்டடிச் சதுரமான வெள்ளைத் துணியொன்றைத் தலைக்கு ஆறடி உயரத்தில் விரியுங்கள். வெயில் அதன்மேல் விழுந்து, இழைகளிற் சிதறி, துணி முழுவதையும் ஒளிரச் செய்கின்றது. இப்பொழுது முகத்துக்கு விளக்கு சூரியனன்று, துணியே விளக்கு. அதன் அகலமோ 90 பாகை. ஒளி பல திசைகளிலிருந்தும் வந்து மூக்கின் நிழலையும் கண்குழியின் இருளையும் நிரப்புகின்றது. அதே துணியை 24 அடிக்கு உயர்த்தினால் அகலம் 28 பாகையாகச் சுருங்கும். நிழலும் மீண்டும் இறுகத் தொடங்கும். ஆகவே துணி பெரிதாயிருந்தால் மட்டும் போதாது. அருகிலும் இருத்தல் வேண்டும்.

இம்முறை புதியதன்று. பிரான்சிய நாட்டு மெலியே 1897ஆம் ஆண்டில் மொந்திரோய் என்னுமிடத்திற் கண்ணாடிக் கூரையுடன் அமைத்த படப்பிடிப்பு மண்டபத்திலே, வெயிலைத் தணிக்கக் கூரையின் கீழ் மெல்லிய பருத்தித் துணிகளை விரித்தார். 1910ஆம் ஆண்டுகளில் ஹொலிவூட்டின் கூரையற்ற மேடைகளுக்கு மேலும் மஸ்லின் துணிகள் தொங்கின. 1956இல் வெளிவந்த ‘அபராஜிதோ’ படத்திலே, காசி நகர வீட்டு முற்றத்தைக் கல்கத்தாவிற் செயற்கையாக அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, கீழிருந்து விளக்கொளியை அதன்மேற் பாய்ச்சினார். திரும்பி வந்த ஒளி திறந்த வானத்தின் ஒளி போலவே இருந்தது.

நம் நாட்டிலும் அதே 1956இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ கமராவை ஸ்ரூடியோவிலிருந்து கிராமத்து வெளிக்குக் கொண்டு சென்றது. சித்திரை மாதத்திலும் ஆவணி மாதத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும் இத்தீவிலே, வெளியிற் படம் பிடிப்போர் நண்பகலோடு போராடியே ஆகவேண்டும்.

மேற்கட்டிக்கும் மூன்று இடர்கள் உள. முதலாவது, சூரியன் நில்லாமை. பன்னிரண்டடி உயரத்திற் கட்டிய துணியின் நிழல், நண்பகலையொட்டி ஒரு மணித்தியாலத்தில் மூன்றடி வரை நகர்ந்துவிடும். இரண்டாவது, பின்னணி. துணியின் கீழ் ஒளி குறைவு. பின்னாலுள்ள மணல்வெளியோ முழு வெயிலிற் காய்கின்றது. முகத்துக்கு ஏற்றவாறு கமராவைத் திருத்தினால் மணல் வெள்ளையாய் வெளிறிவிடும். ஆதலால் மரநிழலையோ நிழல் விழுந்த சுவரையோ பின்னணியாகக் கொள்வதே அறிவுடைமை.

மூன்றாவதே கவலைக்குரியது, அது காற்று. இருபதடிச் சதுரத் துணியின் பரப்பு 400 சதுர அடி. மணிக்கு 20 மைல் வேகக் காற்று அதன் முகத்தில் நேரே மோதினால், ஏறக்குறைய 180 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் தள்ளும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். சட்டத்தின் கீழே நிற்போர் நடிகர் மட்டுமல்லர். கயிறு பிடிக்கும் கூலியாளும் அங்கேயே நிற்கிறார். நான்கு மூலைகளுக்கும் கயிறு, அடித்து இறுக்கிய முளை, மண்மூட்டை, கயிற்றுக்கு ஓர் ஆள் என்பவை இன்றியமையாதன. சோழகம் வீசும் மாதங்களில், முதற் காற்று எழும்போதே துணியைத் தாழ்த்திவிட வேண்டும். இன்னும் ஒரேயொரு காட்சிதானே என்று காத்திருத்தல் தகாது.

வீட்டிலே குழந்தையின் படம் பிடிக்க விரும்புவோர்க்கு இத்தனை சட்டமும் கயிறும் வேண்டியதில்லை. தூய வெள்ளை வேட்டியொன்றை இருவர் குழந்தையின் தலைக்கு மேலே இழுத்துப் பிடித்தாற் போதும். ஆனால் நீலத் தறப்பாளை எடுத்துவிடாதீர்கள். துணியின் நிறமே ஒளியின் நிறமாகும். குழந்தையின் முகத்தில் நீலம் பாய்ந்துவிடும்.