பருப்புப் பொடிக்கும் பத்திரம் உண்டு!

எங்கள் எதிர் வீட்டு அக்காவின் பருப்புப் பொடி என்றால் பேட்டையில் தனி மவுசு. கணவர் வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு மாதம் அழுது தீர்த்துவிட்டு, அடுத்த மாதம் வாணலியை அடுப்பில் ஏற்றினவர் அவர். துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, மிளகு, பூண்டு, பெருங்காயம் எல்லாவற்றையும் பதமாக வறுத்து, தம் கையாலேயே அரைத்து, மஞ்சள் பாக்கெட்டில் சிவப்பு உரல் படம் போட்டு விற்க ஆரம்பித்தார். பெயரும் மாமியாரின் பெயர்தான். ஒன்பது வருஷத்தில் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தது அந்தப் பொடி.

ஒரு நாள் காலையில், பின் தெருவில் இருக்கும் இளம் தாய் ஒருத்தி கையில் பாக்கெட்டோடு வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உங்க பொடின்னு நம்பித்தானேக்கா குழந்தைக்கு நெய் விட்டுப் பிசைஞ்சு குடுத்தேன்? ராத்திரி பூரா வாந்தி. டாக்டர்கிட்ட தூக்கிக்கிட்டு ஓடினோம்."

அக்கா பாக்கெட்டை வாங்கிப் பார்த்தார். அதே மஞ்சள், அதே சிவப்பு உரல். பெயரில் மட்டும் ஓர் எழுத்து வித்தியாசம். பிரித்தால் சிக்கு வாடை மூக்கைத் துளைத்தது. அக்கா செய்த பொடியே இல்லை அது! குழந்தைக்கு இரண்டு நாளில் உடம்பு சரியாகிவிட்டது. அக்காவுக்குத்தான் ஆகவில்லை. "பொடி போனா போகட்டும், பேர் போச்சே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என் சின்ன மாமனார் வக்கீல். அக்காவையும் அழைத்துக்கொண்டு அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சொன்ன விஷயங்கள் நம் எல்லோருக்குமே தெரிந்திருக்க வேண்டியவை என்று தோன்றியதால்தான் இந்தக் கட்டுரை.

கண்ணுக்குத் தெரியாத சொத்து

"ஏம்மா, வீட்டுக்குப் பத்திரம் இருக்கு, நகைக்கு ரசீது இருக்கு. ஒன்பது வருஷமா சம்பாதிச்ச பேருக்கு என்ன வெச்சிருக்கே?" என்று கேட்டார் மாமா. அக்கா விழித்தார்.

மூளையாலும் உழைப்பாலும் உண்டாக்குகிற சொத்துக்கு அறிவுசார் சொத்துரிமை என்று பெயர். கையில் பிடிக்க முடியாது. பீரோவில் பூட்ட முடியாது. ஆனாலும் அதைத் திருடலாம். திருடினால் கேட்கச் சட்டமும் இருக்கிறது. வீட்டுப் பாஷையில் மாமா அதைப் பிரித்துச் சொன்னார்.

பொருளின் பெயர், படம், அடையாளம் ஆகியவை வணிகச் சின்னம், அதாவது டிரேட் மார்க். இதற்கு 1999-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் பத்து வருஷத்துக்குச் செல்லும்; பிறகு பத்துப் பத்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

கதை, பாட்டு, ஓவியம், கோலப் புத்தகம், புகைப்படம் போன்றவற்றுக்குப் பதிப்புரிமை, அதாவது காப்பிரைட். 1957-ஆம் வருஷத்துச் சட்டம். எழுதினவர் வாழ்நாள் முழுவதும், அவர் காலத்துக்குப் பிறகு இன்னும் 60 வருஷமும் அந்த உரிமை நிற்கும். இதைப் பதிவு செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை; எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடுகிறது.

புதிதாகக் கண்டுபிடித்த பொருளுக்கோ செய்முறைக்கோ காப்புரிமை, அதாவது பேட்டன்ட். 1970-ஆம் வருஷத்துச் சட்டம். விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருஷம். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

ஓர் ஊருக்கே உரிய சிறப்புக்குப் புவிசார் குறியீடு. இது தனி ஆளுக்குச் சொந்தமில்லை. அந்த ஊரில் அதைச் செய்கிறவர்கள் எல்லோருக்கும் பொது.

"அப்போ என் பொடி செய்யற பக்குவத்துக்கு பேட்டன்ட் வாங்கலாமா மாமா?" என்றார் அக்கா ஆசையாக.

மாமா சிரித்துவிட்டார். "உங்க பாட்டி, அவங்க பாட்டி எல்லாரும் செஞ்சதுதானேம்மா? புதுசா இருந்தால்தான் பேட்டன்ட். பருப்புப் பொடி யார் வேணும்னாலும் செய்யலாம், விக்கலாம். ஆனா உன் பேரையும் உன் உரலையும் போட்டு விக்கக் கூடாது. அங்கேதான் தப்பு வருது."

சமையல் குறிப்புக்கும் இதே நியாயம்தான். இத்தனை பருப்பு, இத்தனை மிளகு என்கிற கணக்கு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் நீங்கள் உங்கள் நடையில் எழுதி வெளியிட்ட சமையல் புத்தகத்தை ஒருவர் அப்படியே அச்சடித்து விற்றால், அது பதிப்புரிமையை மீறிய குற்றம்.

மஞ்சளுக்கு வந்த வழக்கு

பாட்டி வைத்தியத்துக்குப் பேட்டன்ட் கிடையாது என்றதும், மாமா ஒரு பழைய வழக்கைச் சொன்னார். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

குழந்தை கீழே விழுந்து சிராய்த்துக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போடுவோம். அதே மஞ்சளைப் புண் ஆற்றப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்! வாங்கியது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம்.

நம் நாட்டின் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு சும்மா இருக்கவில்லை. டாக்டர் மஷேல்கர் அதன் தலைவராக இருந்த சமயம். 1996-இல் எதிர்த்து மனுப் போட்டார்கள். "எங்க பாட்டி போட்டாங்க" என்று வாய் வார்த்தையாகச் சொன்னால் அங்கே செல்லாது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டில் வழக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. அச்சில் ஏறியிருக்க வேண்டும். அதனால் பழைய சமஸ்கிருத நூல்கள், 1953-இல் வந்த மருத்துவக் கட்டுரை என்று 32 ஆதாரங்களைத் தேடி எடுத்துக் காட்டினார்கள். 1997-இல் அந்தக் காப்புரிமை ரத்தானது.

வேப்பெண்ணெய்க்கும் இதே கதைதான். பயிரைத் தாக்கும் பூஞ்சையை வேப்பெண்ணெய் கொண்டு தடுக்கும் முறைக்கு, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994-இல் ஓர் அமெரிக்கக் கம்பெனிக்கும் அமெரிக்க விவசாயத் துறைக்கும் சேர்த்து உரிமை கொடுத்தது. எதிர்த்து முன்னால் நின்றவர்கள் மூன்று பெண்கள்: இந்தியாவின் வந்தனா சிவா, பெல்ஜியம் நாட்டின் மக்தா ஆல்வோட், இயற்கை விவசாய அமைப்பைச் சேர்ந்த லிண்டா புல்லார்ட். 2000-இல் உரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. அந்த வெற்றிக்குப் பத்து வருஷம் பிடித்தது!

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஓடிக்கொண்டிருக்க முடியாது என்றுதான், 2001-இல் நம் அரசு ஆயுர்வேதம், சித்தா, யுனானி முறைகளை எல்லாம் தொகுத்துக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. பாரம்பரிய அறிவு மின்னூலகம் என்று பெயர். வெளிநாட்டில் யாராவது நம் கைவைத்தியத்துக்கு உரிமை கேட்டால், அந்த நாட்டு அதிகாரி இதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

"பாத்தியா? எழுதி வெச்சதுதான் ஜெயிச்சுது" என்றார் மாமா. எனக்கு மாமியாரின் எண்ணெய்க் கறை படிந்த சமையல் நோட்டு ஞாபகம் வந்தது.

ஊர்ப் பெயருக்கும் காவல்

காஞ்சிப் பட்டு, மதுரை மல்லி, பழனி பஞ்சாமிர்தம், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய், மணப்பாறை முறுக்கு ஆகிய இவை எல்லாமே புவிசார் குறியீடு பெற்றவை. இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2003 செப்டம்பரில். முதலில் இடம் பிடித்தது டார்ஜிலிங் தேயிலை. இந்தியா முழுமைக்குமான பதிவகம் நம் சென்னையில்தான் இருக்கிறது.

எங்கோ விசைத்தறியில் நெய்த புடவைக்குக் "காஞ்சிபுரம்" என்று பெயர் ஒட்டி விற்றால், ஏமாறுவது நாம் மட்டுமில்லை. இரவும் பகலும் தறியில் உட்கார்ந்திருக்கிற நெசவாளர் குடும்பத்தின் சோறும் போகிறது. அடுத்த முறை கல்யாணப் பட்டு எடுக்கும்போது, அசல் பட்டுக்கு உரிய சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கைத்தறி என்று சொன்னால் கைத்தறி முத்திரையையும் கேளுங்கள். கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

இது சண்டையா, குற்றமா?

"போலீஸுக்குப் போகலாமா, கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று அக்கா கேட்டார்.

இரண்டு வழியும் உண்டு என்றார் மாமா. நஷ்டஈடு கேட்பதும், "இனிமேல் என் பெயரைப் போடாதே" என்று தடை வாங்குவதும் சிவில் வழக்கு. பொய்யாக ஒருவருடைய வணிகச் சின்னத்தைப் போட்டு விற்பது குற்ற வழக்காகவும் ஆகும். ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். பதிப்புரிமை மீறலுக்கும், புவிசார் குறியீட்டைப் போலியாகப் போடுவதற்கும் ஏறக்குறைய இதே தண்டனைதான். ஏமாற்றுக்காரனை "ஃபோர் ட்வென்ட்டி" என்று இன்னும் திட்டுகிறோமே, 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகு அந்தக் குற்றத்தின் எண் 318 ஆகிவிட்டது. நம் வாய்தான் இன்னும் மாறவில்லை!

போலி மருந்து என்றால் சட்டம் இன்னும் கடுமை. அதனால் உயிரே போயிற்று என்றால் பத்து வருஷத்துக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை கூட உண்டு. குழந்தைக்கு மருந்து வாங்கும் தாய்மார்கள் இதை மனதில் வையுங்கள். ரசீது இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். 2023 ஆகஸ்டு முதல் தயாரான முக்கியமான 300 மருந்துகளின் அட்டையில் கட்டம் கட்டமாக ஒரு குறியீடு அச்சிட வேண்டும் என்று விதி. செல்போனை அதன்மேல் காட்டினால் மருந்தின் பெயர், தயாரித்தவர், காலாவதித் தேதி எல்லாம் தெரியும்.

"ஆனா நான் பதிவே பண்ணலியே!" என்று அக்கா கலங்கினார்.

"பரவாயில்லைம்மா. பதிவு பண்ணாத பேரையும் அடுத்தவன் தன்னோடதுன்னு காட்டி விக்கக் கூடாது. ஆனா ஒன்பது வருஷமா நீதான் வித்தேன்னு நிரூபிக்கணும். பழைய பில்லு ஏதாவது இருக்கா?"

இருந்தது! அக்கா எதையும் தூக்கிப் போடாத ரகம். முதல் முதலாக பாக்கெட் அச்சடித்த ரசீது, கடைகளுக்குப் போட்ட கணக்கு நோட்டு எல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. அவற்றை வைத்து மாமா ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். மூன்றாவது வாரமே எதிர்த் தரப்பு மன்னிப்புக் கடிதம் கொடுத்து, கடைகளில் இருந்த பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியும் என்று சொல்ல முடியாது. கோர்ட் வரை போயிருந்தால் வருஷக்கணக்கில் இழுத்திருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் ஊறுகாயோ, பொடியோ, தையலோ, எதைச் செய்து விற்றாலும் முதல் நாளிலிருந்தே ரசீதையும் கணக்கையும் சேர்த்து வையுங்கள்.

பெயர் வைக்கும் முன், அதே பெயரில் வேறு யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையப் பக்கத்தில் பாருங்கள். இலவசமாகவே தேடலாம். தனி நபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகைப் பொருளுக்குக் கட்டணம் 4,500 ரூபாய். யாரும் ஆட்சேபிக்க நான்கு மாத அவகாசம் தருவார்கள். பதிவான பிறகுதான் வட்டத்துக்குள் 'ஆர்' போடலாம். அதுவரை 'டி.எம்.' என்று போட்டுக்கொள்ளலாம்.

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையிலும் பதிவு கட்டாயம். அவர்கள் தரும் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். வாங்குகிறவர்களும் அந்த எண், தயாரித்தவர் முகவரி, தேதி மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

ஏமாந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாக்கெட்டையும் ரசீதையும் எறியாமல் வைத்திருங்கள், அவைதான் சாட்சி.

இதெல்லாம் நம்மையும் கட்டும். அடுத்தவர் வரைந்த கோலத்தைத் தன் பெயரில் பத்திரிகைக்கு அனுப்புவதும், பிரபலமான கார்ட்டூன் பொம்மையை அனுமதியில்லாமல் சட்டையில் அச்சடித்து விற்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எதிர் வீட்டு அக்கா இப்போது பெயரையும் உரலையும் பதிவு செய்ய விண்ணப்பித்துவிட்டார். அந்த இளம் தாயும் பழையபடி பொடி வாங்க வருகிறாள். முதல் தடவை வந்தபோது அக்கா பாக்கெட்டைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தம் வாயில் போட்டுக்கொண்டு, பிறகுதான் அவள் கையில் கொடுத்தார். "இது என்னோடதுதான், தைரியமா குடு" என்றார்.