காவற் கண்ணுக்கும் ஒரு காவல்

முன்னுரை

காவல் தமிழர் வாழ்வில் தொன்மையானதொரு தொழில். நள்ளிரவில் மதுரை மாநகரின் தெருக்களில் கண்துஞ்சாது திரிந்த ஊர்க்காவலரை மதுரைக்காஞ்சி காட்டுகிறது. அக்காவலர் செய்த பணியை இன்று உள்ளங்கையில் அடங்கும் கேமரா ஒன்று வீட்டுச் சுவரில் அமர்ந்து செய்கிறது. உறங்காத கண் அதற்கு உண்டு. உரியவர் இவர், அயலார் இவர் என்று முகம் பார்த்து அறியும் உள்ளம் இல்லை. சரியான கடவுச்சொல்லைச் சொல்பவர் எவராயினும் தான் கண்டதை அவருக்குக் காட்டிவிடும்.

இவ்வுண்மையை நான் ஏட்டில் கற்கவில்லை, வீட்டில் கற்றேன். எங்கள் பூர்வீக வீட்டில் உம்மா தனியே வாழ்கிறார். தம்பி வளைகுடா நாடொன்றில் பணிபுரிகிறான். ஒரு நாள் உம்மா கூடத்தில் வழுக்கி விழுந்து, நெடுநேரம் எவரும் அறியாமல் கிடந்தார். அதன் பின்னர், கம்பியில்லாமல் இணையத்தோடு இணையும் கேமரா ஒன்றைக் கூடத்தில் பொருத்தச் செய்தான் தம்பி. கடையிலிருந்து வந்த இளைஞர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். கைப்பேசியில் படம் தெரிந்தது, மகிழ்ந்தோம். உம்மா மட்டும் கேட்டார்: “இதுல என்னை யார் யாரெல்லாம் பாப்பாக, வாப்பா?”

“நானும் தம்பியும் மட்டுந்தான் உம்மா” என்றேன்.

அவ்விடை தவறென்பதை இரண்டு திங்கள் கழித்தே அறிந்தேன். விடுமுறையில் ஊர் வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர் கணினித் துறையில் பணிபுரிபவர். கேமராவின் அமைப்புப் பக்கத்தைத் தம் மடிக்கணினியில் திறந்து பார்த்தவர், “ஐயா, தொழிற்சாலையில் இட்ட பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் வாசலும் திறந்து கிடக்கிறது” என்றார். என் முகம் வெளிறியது. உம்மா தொழுவதும் உறங்குவதும் அக்கூடத்தில்தான். எவரேனும் பார்த்தனரா என்பதை அறிய வழியில்லை. அன்றிரவு அவரோடு அமர்ந்து ஒவ்வோர் அமைப்பையும் சீர் செய்தேன். அப்போது கற்றவற்றை வீட்டிலோ கடையிலோ கேமரா வைத்திருப்போர் அனைவருக்கும் பயன்படுமாறு இங்குத் தொகுத்துரைக்க விழைகிறேன்.

கருவியின் தோற்றமும் இயல்பும்

இணையத்தில் ஒளிபரப்பிய முதற் கேமராவாகப் போற்றப்படுவது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் இருந்ததாகும். மாடி ஏறிச் சென்று வெறும் பானையைக் கண்டு திரும்பும் தொல்லையைத் தவிர்க்க, 1991ஆம் ஆண்டில் குவென்டின் ஸ்டாஃபோர்டு-ஃபிரேசர், பால் ஜார்டெட்ஸ்கி என்னும் ஆய்வாளர் இருவர் காப்பிப் பானையை நோக்கி ஒரு கேமராவை நிறுத்தினர். 1993 நவம்பரில் அப்படம் உலகளாவிய வலையில் ஏறியது. 2001 ஆகஸ்டு 22 அன்று அது நிறுத்தப்பட்டது. பானையை உலகமே பார்த்தாலும் பானைக்கு நாணமில்லை. மனிதரை நோக்கிக் கேமராவைத் திருப்பும்போதுதான் ‘யார் பார்ப்பார்’ என்னும் கேள்வி எழுகிறது.

1996இல் சுவீடனைச் சேர்ந்த ஆக்சிஸ் நிறுவனம், தனிக் கணினியின் துணையின்றித் தானே வலையமைப்பில் இணையும் கேமராவை வெளியிட்டது. இன்றைய கருவிகள் அதன் வழித்தோன்றல்கள். கண்ணாடி வில்லைக்குப் பின்னே இவற்றுள் ஒரு சிறு கணினி இருக்கிறது. அக்கணினி தனக்கெனச் சில பக்கங்களை வைத்துக்கொண்டு, கேட்பவர் உலாவிக்கு அவற்றை அனுப்புகிறது. கைப்பேசிச் செயலிகள் பெரும்பாலும் அப்பக்கங்களில் உள்ளவற்றில் ஒரு பகுதியையே காட்டும். முழுமையான அமைப்புகளைக் காண உலாவியே வழி. செயலியால் மட்டுமே இயங்கும் கருவிகளும் இன்று உண்டு. அவற்றில் செயலி தரும் அமைப்புகளோடு நிற்க வேண்டும்.

பக்கத்தைத் திறத்தல்

முதன்முறை அமைக்கும்போது, கம்பியில்லாக் கருவியையும் கம்பி வழியே ரௌட்டருடன் இணைப்பது நன்று. வீட்டிலுள்ள கருவிகளுக்கு இணையத்தைப் பங்கிட்டளிக்கும் பெட்டியே ரௌட்டர். அது ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்முகவரி தரும். 192.168.1.20 என்பது போன்று நான்கு எண்களால் ஆனது அம்முகவரி. 192.168 எனத் தொடங்குபவை அகவலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டவை. வீட்டினுள் ‘கூடம்’, ‘அடுக்களை’ என்று நாம் வழங்கும் பெயர்கள் தபால்காரருக்கு முகவரி ஆகாதவாறு, இவ்வெண்களும் வீட்டுக்கு வெளியே செல்லா.

ரௌட்டரின் பக்கத்தில் ‘இணைந்துள்ள கருவிகள்’ என்னும் பட்டியலில் கேமராவின் எண்ணைக் கண்டறியலாம். அவ்வெண்ணை உலாவியின் முகவரிப் பட்டையில் எழுத வேண்டும். தேடற் பெட்டியில் அன்று. பழைய கருவிகள் சிலவற்றில் பக்கம் திறந்தாலும் படம் தெரியாது. அவை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவிக்கெனச் செய்த துணைநிரலை நம்பி உருவானவை. அவ்வுலாவிக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் விடைகொடுத்துவிட்டது. மென்பொருளைப் புதுப்பித்தால் சிலவற்றில் இக்குறை நீங்கும்.

கடவுச்சொல்

பக்கம் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதற்பணி கடவுச்சொல்லை மாற்றுவதாகும். ஏனைய யாவும் அதன் பின்னரே. தொழிற்சாலைக் கடவுச்சொல் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும்; கையேடோ இணையத்தில் எவர்க்கும் கிடைக்கும். ஊரார் அனைவரிடமும் சாவி உள்ள பூட்டுக்கு அது நிகர்.

இதன் விளைவை உலகம் 2016இல் கண்டது. மிராய் என்னும் தீநிரல், 60க்கும் மேற்பட்ட தொழிற்சாலைப் பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்து, கேமராக்களையும் ரௌட்டர்களையும் பெருந்திரளாகத் தன்வயப்படுத்தியது. அப்படையைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பெருந்தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. தம் வீட்டுக் கேமராவும் அப்படையில் ஒரு வீரன் என்பதை உரிமையாளர் பலர் அறியார்.

இங்கு நுட்பம் ஒன்று உண்டு. மிராய் நுழைந்தது டெல்நெட் என்னும் பழைய வாசல் வழியாக. சில கருவிகளில், பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றியும் அவ்வாசலின் கடவுச்சொல் மாறவில்லை. ஆகவே அமைப்புப் பக்கத்தில் டெல்நெட் என்றொரு வரி இருப்பின் அதனை அணைத்துவிடுக. நிறுவனம் வெளியிடும் மென்பொருட் புதுப்பிப்பையும் தவறாது ஏற்றுக. எல்லாக் கருவிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல் இடுவதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது.

அடுத்து, பயனர் கணக்குகள். அமைப்புகளை மாற்றும் உரிமை ஒருவரிடம் இருந்தால் போதும். பிறர்க்குப் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு தருக. எங்கள் வீட்டில் நான் நிருவாகி, தம்பி பார்வையாளன். அவன் கைப்பேசி தொலைந்தாலும் அக்கணக்கொன்றை நீக்கினால் போதும்.

கம்பியை நீக்குதல்

‘கம்பியில்லா இணைப்பு’ என்னும் பகுதியில் சூழ உள்ள வைஃபை வலைகளின் பெயர்கள் தோன்றும். நம்முடையதைத் தெரிந்து, பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 என்பதைக் கொள்க. டபிள்யூ.ஈ.பி. என்னும் பழைய முறை 2001ஆம் ஆண்டிலேயே உடைக்கப்பட்டது, அதனைத் தீண்டற்க. விலை குறைந்த கேமராக்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். ரௌட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒலிபரப்பினால் வலையின் பெயரே தோன்றாது.

சேமித்த பின் கம்பியை எடுத்ததும் பக்கம் மறைந்துபோகும். பலரும் கருவி பழுதென்று எண்ணிக் கலங்குவது இங்குத்தான். கேமராவின் கம்பி வாயிலும் வைஃபை வாயிலும் தனித்தனி அடையாள எண் உடையவை. ஆதலின் ரௌட்டர் இப்போது வேறொரு முகவரியை அளித்திருக்கும். மீண்டும் பட்டியலைக் கண்டு புது எண்ணைக் கொள்க. அம்முகவரியை ரௌட்டரிலேயே அக்கருவிக்கென நிலையாக ஒதுக்கிவிட்டால் பின்னர்த் தேடும் தொல்லை இல்லை.

நாளும் நேரமும்

நேர மண்டலத்தை +5.30 என அமைத்து, இணைய வழி நேரம் பெறும் என்.டி.பி. என்பதை இயக்குக. மின்தடைக்குப் பின் சில கருவிகள் 1970 சனவரி 1 என்று நாள் காட்டும். கணினிகள் பல காலத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி அது. களவொன்று நேர்ந்து காவல் நிலையம் செல்ல நேரின், நாள் பிழைத்த படம் ஐயத்துக்கே இடமாகும்.

படமும் கொள்ளளவும்

கடையில் எவரும் சொல்லாத கணக்கு இது. நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்யும் கேமரா, நாளொன்றுக்கு 21.6 கிகாபைட் இடத்தை நிரப்பும். 64 கிகாபைட் மெமரி கார்டு மூன்று நாளுக்கும் போதாது. பின்னர்ப் பழையவற்றின் மேலேயே எழுதும். விநாடிக்கு 25 படங்கள் என்பதை 12 அல்லது 15 ஆகக் குறைத்து, அளவை 1 மெகாபிட் ஆக்கினால் நாட்கள் இரட்டிக்கும். கூடத்தில் ஒருவர் நடப்பதைக் காண அது போதும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்கென இரண்டாம் ஓடை ஒன்றையும் பல கருவிகள் தரும். அதனைச் சிறிய அளவில் வைத்தால் தம்பியின் கைப்பேசியில் படம் தடைப்படாது.

அசைவும் மறைப்பும்

படத்தில் மாற்றம் நேர்ந்தால் அறிவிக்கும் வசதியும் அப்பக்கத்தில் உண்டு. முதல் வாரத்தில் இருபது முப்பது அறிவிப்புகள் வந்தன. யாவும் சுவர்ப்பல்லியும் அசையும் திரைச்சீலையும் செய்தவை. இருளில் கேமராவின் அருகே பூச்சிகள் பறக்கும். பூச்சியை நாடிப் பல்லி வரும். உணர்திறனைக் குறைத்து, தரையும் வாயிலும் மட்டும் அடங்குமாறு கட்டம் வரைந்த பின் அமைதி பிறந்தது. ஓயாது பொய்யுரைக்கும் காவலனை எவரும் நம்பார். உண்மையில் உம்மா விழும் நாளில் நாங்கள் அந்த அறிவிப்பைப் பாராமல் விட்டுவிடலாகாது.

அதே பகுதியில் ‘மறைப்பு’ என்றும் ஒன்றுண்டு. படத்தின் ஒரு பகுதியைக் கருங்கட்டத்தால் மூடிவிடலாம். அப்பகுதி பதிவிலும் இராது. உம்மாவின் கட்டிலையும் அண்டை வீட்டுச் சாளரத்தையும் அவ்வாறு மூடினேன். ஒலி வாங்கியையும் அணைத்தேன். விழுந்தாரா என்பதை அறியக் கண் போதும். விருந்தினரோடு அவர் பேசுவதைக் கேட்க எங்களுக்கு உரிமையில்லை.

தொலைவிலிருந்து காணல்

எல்லாவற்றினும் கருதத்தக்கது இதுவே. வெளியூரிலிருந்து கேமராவைக் காண மூன்று வழிகள் உள்ளன. ரௌட்டரில் ஒரு வாசலைத் திறந்து கேமராவை நேரே இணையத்துக்குக் காட்டுவது ஒன்று. கடை இளைஞர் செய்தது அதுவே. எளியது, இடர் மிக்கது. இணையம் முழுவதையும் துழாவித் திறந்த வாசல்களைப் பட்டியலிடும் தேடுபொறிகள் உள்ளன என்பதை நினைவிற் கொள்க. இரண்டாவது, நிறுவனத்தின் சேவை வழியே காண்பது. அப்போது நம் நம்பிக்கை அந்நிறுவனத்தின் நேர்மையையும் திறமையையும் பொறுத்தது. மூன்றாவது, வி.பி.என். எனப்படும் மறையாக்கப் பாதையை ரௌட்டரில் அமைத்து, அதன்வழி வீட்டு வலைக்குள் வந்து காண்பது. சற்றே உழைப்பு வேண்டும். ஆயினும் மூன்றனுள் காப்புடையது இதுவே. நாங்கள் இதனைத் தெரிந்தோம். கேட்காமலே வாசல் திறக்கும் யூ.பி.என்.பி. என்னும் வசதியை ரௌட்டரில் அணைத்தோம். பக்கத்தையும் எச்.டி.டி.பி.எஸ். முறையில் மட்டுமே திறக்குமாறு செய்தோம். கருவி தன் சான்றிதழில் தானே ஒப்பமிடுவதால் உலாவி எச்சரிக்கும். வீட்டு வலைக்குள், முகவரி நம் கேமராவினுடையதே என்று உறுதிசெய்த பின் அதனைக் கடந்து செல்லலாம்.

கடவுச்சொல் இட்டாலும் போதாத நேரமுண்டு. 2012 சனவரியில் அமெரிக்காவில், ஒரு நிறுவனத்தின் மென்பொருட் பிழையால் ஏறத்தாழ 700 வீட்டுக் கேமராக்களின் நேரலைப் படங்களுக்கான இணைப்புகள் இணையத்தில் பரவின. தொட்டிலில் உறங்கிய குழந்தைகளும் அவற்றில் இருந்தனர். அந்நாட்டு வாணிக ஆணையம் 2013இல் அந்நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. புதுப்பிப்பு ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

முடிவுரை

அமைப்புகள் யாவும் முடிந்தபின் உம்மாவை அருகில் அமர்த்தி, கேமரா காண்பதைக் காட்டினேன். அதுவரை அவருக்கு எவரும் அதைக் காட்டியதில்லை. கருங்கட்டத்தைக் கண்டு, “என் கட்டில் எங்க?” என்றார். விளக்கினேன். சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “பெண்டுகள் வந்து உக்காரும்போது ஒரு துணி போட்டு மூடிக்கிறேன்” என்றார். அதற்கும் இசைந்தோம். இன்று கேமராவின் அருகில் ஆணியில் ஒரு சிறு வெள்ளைத் துணி தொங்குகிறது. அது மூடியிருக்கும் வேளையில் தம்பிக்கு இருள்தான் தெரியும், அவன் வருந்துவதில்லை.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் கேமரா பொருத்தும் பொறுப்பு நாளை உங்களிடமே வரும். பெரியோர் உங்களைத்தான் நம்புவர். படம் தெரிந்தவுடன் பணி முடிந்ததென எண்ணற்க. கடவுச்சொல், புதுப்பிப்பு, மறைப்பு, வாசல் ஆகிய நான்கையும் உங்கள் கையாலேயே சரிபார்த்து, அக்கண்ணின்கீழ் வாழப்போகிறவரிடம் காட்டி, அவர் இசைவைப் பெறுங்கள். “என்னை யார் யாரெல்லாம் பார்ப்பார்?” என்று அவர் கேட்டால், அறிந்து விடை சொல்லுங்கள். நான் முதலில் சொன்னதுபோல் அறியாமற் சொல்லிவிடாதீர்கள்.