தழும்பில்லாத காயம்

போர்முனையிலிருந்து திரும்பும் வீரனின் உடலில் குண்டு துளைத்த வடு இருந்தால் அதை எவரும் காண்பர். ஆனால், அருகில் வெடித்த குண்டினால் ஒரு நிமிடம் நினைவிழந்து, பின்னர் எழுந்து தூசியைத் தட்டிவிட்டு மீண்டும் துப்பாக்கியைத் தூக்கியவனுக்கு நேர்ந்தது என்ன? வெளியே ஒரு கீறலும் இல்லை. ஊர் திரும்பிய பிறகோ தலைவலி, தூக்கமின்மை, மறதி, எடுத்ததற்கெல்லாம் எரிச்சல். ‘பழைய மனிதராக இல்லையே’ என்று மனைவி கலங்குகிறாள். இத்தகையவரைத் தேடிக் கண்டறிவது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மருத்துவர் இதனை ‘லேசான மூளைக்காயம்’ என்பர். லேசான என்னும் சொல் காயம்பட்ட வேளையின் நிலையைக் குறிப்பதேயன்றி, பின்விளைவைக் குறிப்பதன்று. நினைவிழப்பு 30 நிமிடத்திற்கு மேற்படக்கூடாது; நடந்தது மறந்துபோன நிலை 24 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது; 1974-இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்னும் மருத்துவர் இருவர் வகுத்த நினைவுநிலை அளவுகோலில் 15-க்கு 13 மதிப்பெண்ணேனும் இருத்தல் வேண்டும். இவர்களுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூளையின் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு நலிவது அப்படத்தில் சிக்குவதில்லை.

இச்சிக்கல் புதியதன்று. முதல் உலகப்போரின்போது சார்லஸ் மையர்ஸ் என்பார் 1915-இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரையால் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயர் மருத்துவ உலகில் பரவியது. பீரங்கிக் குண்டின் அதிர்வு மூளையைத் தாக்கியதா, அச்சம் மனத்தைத் தாக்கியதா என்று அன்று எழுந்த வழக்கு இன்றும் முற்றிலும் தீர்ந்தபாடில்லை.

ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் சாலையோர வெடிகள் அமெரிக்கப் படையினரை ஓயாது தாக்கின. நல்ல கவசமும் விரைந்த மருத்துவமும் பலரைப் பிழைக்க வைத்தன. பிழைத்தவருள் பலர் மூளை அதிர்ந்தவர். எனவே, அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை, அவ்விரு போர்களிலும் பணியாற்றித் தன் மருத்துவமனைகளுக்கு வரும் அனைவரையும் 2007 ஏப்ரல் முதல் சோதிக்கத் தொடங்கியது. கருவி ஏதுமில்லை, கேள்விகள் மட்டுமே. வெடி, வாகன விபத்து, கீழே விழுதல் போன்ற ஏதேனும் நேர்ந்ததா? நேர்ந்தவுடன் நினைவு தப்பியதா, திகைத்து நின்றீரா? அதன்பின் மறதி, தலைசுற்றல், வெளிச்சம் கண்டால் கூச்சம், எரிச்சல், தலைவலி, தூக்கக் கேடு ஆகியவற்றில் எதுவும் புதிதாகத் தோன்றியதா, முன்பிருந்தது மிகுந்ததா? கடந்த ஒரு வாரத்திலும் அது இருந்ததா? நான்கிற்கும் ‘ஆம்’ என்றால்தான் அடுத்த கட்டம்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. நினைவு தப்பியதா என்பதை நினைவு தப்பியவனிடமே கேட்கிறோம்! பக்கத்திலிருந்த தோழன் சொன்னால்தான் உண்டு. மேலும், களத்திலிருந்து வீடு திரும்பத் துடிப்பவன், ‘ஆம்’ என்றால் மேலும் சோதனை என்று நிறுத்தி வைப்பார்களோ என அஞ்சி ‘இல்லை’ என்று சொல்லிவிடுவதும் உண்டு.

மற்றொரு முடிச்சு இதனினும் கடினம். தலைவலியும் தூக்கமின்மையும் மூளைக்காயத்திற்கே உரியவையல்ல. போர்க் கொடுமையைக் கண்ட மனத்தின் உளைச்சலிலும் இவையே தோன்றும். சார்லஸ் ஹோஜ் குழுவினர் ஈராக்கிலிருந்து திரும்பிய 2,525 வீரரை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. காயத்தால் நினைவிழந்தவருள் 43.9 விழுக்காட்டினர்க்கு அத்தகைய மன உளைச்சல் நோய் இருந்தது. காயமே படாதவருள் அது 9.1 விழுக்காடுதான். உளைச்சலையும் மனச்சோர்வையும் கணக்கில் கழித்துவிட்டுப் பார்த்தபோது, தலைவலி தவிர ஏனைய உடற்கோளாறுகளுக்கும் மூளை அதிர்ச்சிக்கும் உள்ள தொடர்பு தேறவில்லை.

அப்படியானால் கேள்விகள் வீணா? அல்ல என்பதே என் கருத்து. சல்லடையில் தங்கியதெல்லாம் கல்லாகாது. கையிலெடுத்துப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டாம் கட்டத்தில் மருத்துவர் நேரில் ஆராய்ந்து, 22 அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பிடுகிறார். முதற்கட்டத்திலேயே ‘உன் மூளை பழுதாயிற்று’ என்று சொல்லிவிடுவது பெருந்தீங்கு. லேசான காயமுற்றோருள் பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தேறிவிடுகின்றனர். தேறாதவர்க்குத் தலைவலிக்கும் தூக்கத்திற்கும் மன உளைச்சலுக்கும் தனித்தனியே மருத்துவம் உண்டு.

கேளாமல் விட்டால் என்னாகும் என்பதற்கு 2020 சான்று. அவ்வாண்டு சனவரி 8-ஆம் நாள் ஈராக்கின் அல் அசாத் தளத்தின்மீது ஈரானிய ஏவுகணைகள் விழுந்தன. எவருக்கும் காயமில்லை என்றே முதலில் அறிவித்தனர். அடுத்த மாதத்திற்குள் மூளைக்காயம் கண்டறியப்பட்டோர் எண்ணிக்கை நூற்றைத் தாண்டியது.

இரத்தத்தில் இரண்டு புரதங்களை அளந்து பார்க்கும் சோதனை ஒன்றுக்கு அமெரிக்க அரசு 2018-இல் ஒப்புதல் அளித்தது. ஆனால், அடிபட்ட 12 மணி நேரத்திற்குள் இரத்தம் எடுத்தாக வேண்டும். ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்யத்தான் அது உதவும். பத்தாண்டு கழித்து மருத்துவமனை வாயிலில் வந்து நிற்கும் முன்னாள் வீரருக்கு அது பயன்படாது. அவரிடம் இன்னமும் வாய்விட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.